குட்டி யானைக்கும் தீனி வேண்டும்: டிரான்ஸ்கை கிராமத்துக்கு சிறு அணு உலை சரிப்படுமா?

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கை பகுதியில், உம்டாட்டா நகரிலிருந்து உள்ளே நாற்பது கிலோமீட்டர் போனால் வரும் ஒரு மலையோரப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் தங்கை ஒருவர், பொங்கலுக்கு டர்பன் வந்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. சாம்பார் வருவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"அண்ணா, நீங்க பவர் ஸ்டேஷன்லயே காலம் தள்ளினவரு, உங்ககிட்டதான் கேக்கணும். எங்க ஊர்ல முந்நூறு வீடு. சாயங்காலம் ஆறு மணி ஆனா கரண்ட் போயிடுது. கிளினிக்ல தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜ் நின்னு போகுது. சின்னச் சின்ன அணு உலை வருதாமே, லாரியில கொண்டாந்து இறக்கிடலாமாமே? புகையே கிடையாதாம். நம்ம ஊருக்கு ஒண்ணு வாங்க முடியாதான்னு பசங்க கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

பாயசம் வருவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மைக்கில் யாரோ பாட ஆரம்பித்துவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை வேறு இரண்டு மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணு மின்சாரம் சுத்தமானதுதான். ஆனால் உங்கள் ஊருக்கு அது ஆகாது. இந்த நாட்டுக்கு ஒருவேளை ஆகலாம், அதுவும் பிள்ளைகள் நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் 'சின்னது' என்ற சொல். சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்குப்படி 300 மெகாவாட்டுக்கு உட்பட்ட உலையெல்லாம் சிறு உலை. கேப் டவுனுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டரில் இருக்கும் கூபெர்க்கில் இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் 900 மெகாவாட்டுக்கு மேல். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 300 சின்னதுதான். அதைவிடவும் சிறியவை உண்டு, பத்து மெகாவாட்டுக்குக் கீழே. நுண் உலை என்கிறார்கள். லாரியில் வரும் என்று பிள்ளைகள் கேள்விப்பட்டது அந்த வகையைத்தான்.

சரி, ஐந்து மெகாவாட் நுண் உலை ஒன்று உங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கணக்கு டீச்சர்தானே, கரும்பலகையில் போடுங்கள். 5,000 கிலோவாட், ஒரு நாளைக்கு 24 மணி நேரம், மாதம் 30 நாள், பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஓடுகிறது. மாதத்துக்கு 32 லட்சத்து 40 ஆயிரம் யூனிட். உங்கள் ஊர் வீடு ஒன்றுக்கு மாதம் 150 யூனிட் என்று தாராளமாகவே போட்டாலும் முந்நூறு வீட்டுக்கு 45,000 யூனிட். வகுத்தால் 72 வரும். உங்கள் ஊரைப்போல எழுபத்திரண்டு ஊர் சேர்ந்தால்தான் அந்த ஒரு நுண் உலைக்கே தீனி போட முடியும். டிரான்ஸ்கை மலைகளில் அந்த எழுபத்திரண்டு ஊரும் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். மேட்டுக்கு மேடு பத்து வட்டக் குடிசை, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, பிறகு இன்னொரு பத்து. அத்தனையையும் கம்பி போட்டு இணைக்க வேண்டும். அவ்வளவு கம்பி போட்ட பிறகு அதைப் பக்கத்தில் போகும் அரசு மின் நிறுவனமான எஸ்கோமின் லைனோடு சேர்த்துவிட்டால் போதுமே, உலை எதற்கு?

இன்னொன்று, ஊருக்கு எல்லா நேரமும் ஒரே அளவு மின்சாரம் வேண்டியதில்லை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை முந்நூறு கிலோவாட் கேட்கும் ஊர், நள்ளிரவு தாண்டினால் ஐம்பதோடு அடங்கிவிடும். அணு உலையில் பணமெல்லாம் கட்டும்போதே போய்விடுகிறது, எரிபொருள் செலவு கொஞ்சம்தான். அதனால் அது ராப்பகலாக முழு மூச்சில் ஓடினால்தான் யூனிட் விலை கட்டுப்படியாகும். படுத்துக் கிடக்கிற நேரத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

இனி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஏன் கரண்ட் போகிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் ஊரின் நோய் அங்கேதான் இருக்கிறது.

2023-ல் நாடே லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்த மின்வெட்டில், தத்தளித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆறாம் கட்டம் என்பது வீட்டுக்கு வீடு பழகிப்போன சொல் ஆகிவிட்டது. அது மின் உற்பத்திப் பஞ்சம். ம்புமலாங்காவின் பழைய நிலக்கரி நிலையங்கள் மாற்றி மாற்றிப் படுத்துக்கொண்டன. 2024 மார்ச் கடைசியிலிருந்து அது பெருமளவு நின்றுவிட்டது. ஆனால் உங்கள் ஊரில் இன்னும் போகிறது, இல்லையா? அதற்குப் பெயரே வேறு: லோட் ரிடக்‌ஷன். காலைச் சமையல் நேரத்திலும் மாலைச் சமையல் நேரத்திலும், டிரான்ஸ்பார்மர் தாங்காத பகுதிகளை மட்டும் பார்த்து நிறுத்துவது. நாடு முழுக்க ஏறத்தாழ 17 லட்சம் இணைப்புகள் இதில் மாட்டியிருந்தன. நிலையத்தில் மின்சாரம் இருக்கிறது, பெரிய லைனில் இருக்கிறது, துணை மின்நிலையம் வரைக்கும் வந்து நிற்கிறது. கடைசி ஒரு கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை.

நான் நேரில் பார்த்த ஒரு ஜூன் மாத மாலையைச் சொல்கிறேன். நல்ல குளிர். கம்பத்தின் மேல் 50 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று, ஏறத்தாழ ஐம்பது கிலோவாட் தாங்கும். போட்ட காலத்தில் அறுபது வீட்டுக்கென்று போட்டது, நாங்கள் போனபோது மீட்டர் இருந்ததே நூற்றுக்கு மேல். மீட்டர் இல்லாதது தனிக் கணக்கு. நம் ஊரில் கொக்கி போடுவது என்போம், இங்கே இசின்யோக்கா என்கிறார்கள், ஜூலுவில் பாம்புகள் என்று அர்த்தம். தரையோடு தரையாக ஓடும் அந்தக் கறுப்பு வயர்களைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். ஆறடிக்க ஐந்து நிமிடம் வரை டிரான்ஸ்பார்மர் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. வீடு வீடாக இரட்டை அடுப்பும் கெட்டிலும் ஏறியதும் முனகல் கனத்தது, கீழே நின்றவன் பல்லில் அதிர்வு தெரிந்தது. எண்ணெய் சூடான வாசனை. ஆறு இருபதுக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம், பியூஸ் குழல் கழன்று தலைகீழாகத் தொங்கியது. ஊரே இருட்டு. லைன்மேன் நீளக் கம்பை மாட்டி அதைத் திரும்பத் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அரை மணி நேரம், அப்புறம் மறுபடியும்," என்றார். அவர் கொடுத்த அரை மணியைக்கூட அது தாங்கவில்லை, பதினெட்டு நிமிடம்தான்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நிலக்கரி இருந்தால் என்ன, அணு இருந்தால் என்ன? நடுவில் நிற்கிற 50 கே.வி.ஏ. அதேதான். டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்க வேண்டும், மீட்டர்களை ஒழுங்குபடுத்த வேண்டும், கொக்கியை எடுக்க வேண்டும். கொக்கியை எடுக்கப் போனால் கல்லெறி விழும் என்பதும் உண்மை. அதற்கு அரசியல் தைரியம் வேண்டும், அணு விஞ்ஞானம் வேண்டியதில்லை.

ஆனால் பிள்ளைகளின் கேள்வியில் இருக்கும் ஆர்வத்தைத் தட்டிவிடக் கூடாது. காரணம், இந்தச் சிறு உலைக் கதையில் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. நமக்கே மறந்துபோன பங்கு.

1999-ல் எஸ்கோம் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது. பி.பி.எம்.ஆர். என்று பெயர், கூழாங்கல் உலை என்று தமிழில் சொல்லலாம். யோசனை ஜெர்மானியர்களுடையது. யூலிஷ் நகரில் 1967 முதல் 1988 வரை ஒரு சோதனை உலை ஓடியது. அங்கே அரசியல் மாறிக் கைவிட்டார்கள், இங்கே எடுத்துக்கொண்டார்கள். எரிபொருள் நீளமான கம்பிகளாக இராது, டென்னிஸ் பந்து அளவு கிராஃபைட் உருண்டைகளாக இருக்கும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கசகசா போல ஆயிரக்கணக்கான யுரேனியத் துணுக்குகள். ஒவ்வொரு துணுக்குக்கும் கார்பனும் சிலிக்கான் கார்பைடுமாக மாற்றி மாற்றி மேல்பூச்சு. ட்ரைசோ என்பார்கள். 1,600 டிகிரி வரை அந்தப் பூச்சு உள்ளிருக்கும் கதிரியக்கத்தை வெளியே விடாது. குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, ஹீலியம் வாயு.

அந்த நாட்களில் நான் பிரிட்டோரியா பக்கம் இருந்தேன். நிறுவனத்தின் அலுவலகம் செஞ்சூரியனில். ஞாயிற்றுக்கிழமை மராபாஸ்டாட் மாரியம்மன் கோயிலுக்குப் போனால் அங்கே வேலை பார்க்கும் நம்மவர் ஒருவரைப் பார்ப்பேன். ஒரு நாள் பையிலிருந்து ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து என் கையில் வைத்தார். யுரேனியம் இல்லாத காட்சிப் பந்துதான், பயப்பட ஒன்றுமில்லை. நல்ல எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கனம். கையில் பென்சில் கரி ஒட்டியது. "இதுமாதிரி நாலரை லட்சம் சார், ஒரு உலைக்குள்ள," என்றார். பிரசாதத்தை ஒரு கையிலும் அதை மறு கையிலும் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

அதன் அழகு என்னவென்று பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம். எந்த அணு உலையையும் நிறுத்தினால் அடுப்பை அணைத்ததுபோல உடனே குளிர்ந்துவிடாது. நிறுத்திய நொடியிலும் முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம் வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத்தான் குறையும். 2011-ல் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். உலைகள் நின்றுவிட்டன, ஆனால் சுனாமியில் மின்சாரம் போய் பம்பு ஓடவில்லை, மிச்சச் சூடு உருக்கிவிட்டது. கூழாங்கல் உலையில் சூடு பல லட்சம் உருண்டைகளில் பரவிக் கிடக்கிறது, ஒரு உருண்டைக்கு ஒரு சின்ன அறை ஹீட்டர் அளவுதான். பம்பு நின்றாலும் ஆள் இல்லாவிட்டாலும் சுவர் வழியாகத் தானே கசிந்து ஆறிவிடும். இது வெறும் பேச்சல்ல. சீனாவின் ஷிடாவ் விரிகுடாவில் இதே குடும்பத்து உலை இரண்டு, தலா 250 மெகாவாட் வெப்பம், இரண்டும் சேர்ந்து 210 மெகாவாட் மின்சாரம். 2023-ல் வேண்டுமென்றே குளிர்விப்பை நிறுத்திப் பார்த்தார்கள். தானாகவே ஆறியது. அந்த ஆண்டு டிசம்பரில் வணிக ரீதியாக ஓட ஆரம்பித்தது.

அந்தப் பெருமை நமக்கு வந்திருக்க வேண்டியது. ஏன் வரவில்லை? எனக்குத் தெரிந்தவரை பேராசைதான் முதல் காரணம். சீனர்கள் சூட்டை எடுத்துப் பழைய நீராவி டர்பைனில் கொடுத்தார்கள், நூறு வருடம் பழகிய சாமான். நம்மவர்கள் 900 டிகிரி ஹீலியத்தையே நேரடியாக டர்பைனில் விட்டுச் சுழற்றுவோம் என்று இறங்கினார்கள். அப்படி ஒன்று உலகத்தில் எங்கும் பெரிய அளவில் ஓடியதில்லை. 110 மெகாவாட்டில் தொடங்கிய வடிவம் 165-க்கு ஏறியது, செலவும் கூடவே ஏறியது. வாங்குகிறேன் என்று முன்வந்து கையெழுத்துப் போட ஒரு வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. 2010-ல் அமைச்சர் பார்பரா ஹோகன் நாடாளுமன்றத்தில் கதவை மூடினார். ஒன்பது பில்லியன் ராண்டுக்கு மேல் போயிருந்தது, இன்னும் முப்பது பில்லியன் வேண்டும் என்ற நிலை. ஒரு உலைகூடக் கட்டவில்லை. கற்றுத் தேர்ந்த பொறியாளர்கள் கலைந்தார்கள். அமெரிக்காவில் 80 மெகாவாட் கூழாங்கல் உலை செய்யும் எக்ஸ்-எனர்ஜி நிறுவனத்தில் பிரிட்டோரியா உச்சரிப்பு நிறையவே கேட்கும். மாரியம்மன் கோயில் நண்பரும் போனவர்தான்.

மூடியது தப்பு என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தொடங்கிய விதம்தான் தப்பு. நீராவியோடு நிறுத்தியிருந்தால் இன்று நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அணுத் துறை நண்பர்கள் சிலர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

சுத்தம் என்ற கேள்வியை ஒரே பத்தியில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பெரிய தகராறு இல்லை. யுரேனியம் தோண்டுவது, கான்கிரீட் போடுவது, கடைசியில் இடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு அணுவில் சுமார் 12 கிராம் கரியமில வாயு என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2014-ல் போட்ட நடுக்கணக்கு. காற்றாலையும் அந்த அளவுதான், சூரியத் தகடு நாற்பது ஐம்பது. நிலக்கரி 820. நான் நெய்வேலியில் பிறந்தவன், வேலைக்கு வந்தது ம்புமலாங்கா. இரண்டு ஊரிலும் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் என்ன நிறத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த விஷயத்தில் நான் அணு பக்கம்தான். கழிவு இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. கையுறை, வடிகட்டி போன்ற குறைந்த வீரியக் கழிவு 1986 முதல் வட கேப்பில் வால்புட்ஸ் என்ற வறண்ட இடத்தில் புதைக்கப்படுகிறது. பயன்படுத்திய எரிபொருள் கூபெர்க் வளாகத்திலேயே குளத்திலும் கலன்களிலும் கிடக்கிறது, நிரந்தர இடம் இன்னும் அமையவில்லை. நாற்பது வருடமாக ஒரே இடத்தில் வைத்துக் காவல் காக்க முடிகிறது. அதையே ஊருக்கு ஊர் சிதறடித்து வைத்தால் யார் காப்பது?

காவல் என்றதும் ஆள் கணக்குக்கு வருகிறேன், பலரும் கவனிக்காத இடம் இது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி, இருபத்துநாலு மணி நேரமும் அதில் ஆள் இருக்க வேண்டும். எத்தனை பேர் வேண்டும்? மூன்று ஷிப்ட் என்று மூன்று சொல்வீர்கள். வார விடுமுறை, வருட விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து. மூன்று நாற்காலிக்குப் பதினைந்து பேர். வாசலில் ஆயுதக் காவல் நான்கு இடம் என்றால் இருபது. கதிர்வீச்சு பார்ப்பவர், வேதியியல் பார்ப்பவர், பழுது பார்ப்பவர். உலை 900 மெகாவாட்டோ 5 மெகாவாட்டோ, இந்த நாற்காலிகள் அதே விகிதத்தில் குறையாது. குட்டி யானையானாலும் பாகன் ஒரு முழு ஆள்தான். காவல் சும்மா சம்பிரதாயம் என்றும் நினைக்க வேண்டாம். 2007 நவம்பரில் பெலிண்டாபா அணு ஆய்வு வளாகத்துக்குள்ளேயே ஆயுதத்தோடு ஆட்கள் மின்வேலியைத் தாண்டிப் புகுந்து, கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஒருவரைச் சுட்டார்கள். நாட்டிலேயே நன்றாகக் காக்கப்பட்ட இடங்களில் ஒன்று அது. உங்கள் பள்ளியில் சோலார் பேனல் எத்தனை முறை களவு போயிற்று என்று நீங்களே சொன்னீர்கள்.

கிராமத்துக்கு அணு உலை என்பதை நிஜமாகவே முயன்று பார்த்த ஊர் ஒன்று உண்டு. அலாஸ்காவில் யூக்கான் ஆற்றங்கரையில் கலீனா. சில நூறு பேர் வாழும் ஊர், சாலை கிடையாது, டீசலைக் கோடையில் படகில் கொண்டுவந்து வருடம் முழுக்க எரிக்க வேண்டும். 2004 வாக்கில் தோஷிபா தன் 10 மெகாவாட் உலையை அங்கே புதைத்து வைக்க முன்வந்தது, முப்பது வருடம் எரிபொருள் மாற்ற வேண்டாம் என்றார்கள். ஊர்சபையும் சரி என்றது. கணக்குப் போட்டவர்களுக்கு இடறியது எது தெரியுமா? எத்தனை காவலாளிகள் வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லுமோ அதைப் பொறுத்தே யூனிட் விலை தலைகீழாக மாறியது. உலை வரவில்லை. ஊர்க்காரர்கள் பிற்பாடு பெரிய கட்டடங்களைச் சூடாக்க விறகுச் சில்லு கொதிகலன் வைத்துக்கொண்டார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் உதாரணமும் ஒன்று உண்டு. ரஷ்யாவின் வடகோடியில் பெவெக் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கும் மிதக்கும் நிலையம், இரண்டு உலை, தலா 35 மெகாவாட், 2020 முதல் ஓடுகிறது. ஊர் சிறியதுதான். ஆனால் அந்தப் பக்கத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வேண்டும், வெந்நீர்க் குழாயில் ஊருக்குச் சூடும் வேண்டும், மைனஸ் முப்பதில் வேறு வழி அருமை. பின்னால் நிற்பது ஒரு அரசின் முழுக் கஜானா. டிரான்ஸ்கைக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை.

விலை இறங்கும், தொழிற்சாலையில் வரிசையாகச் செய்தால் கார் மாதிரி மலிவாகும் என்கிறார்கள். ஆகலாம். இதுவரை ஆகவில்லை. அமெரிக்காவில் நுஸ்கேல் நிறுவனம் சில சிறு நகராட்சிகளுக்காகத் திட்டமிட்ட 462 மெகாவாட் நிலையத்தில் ஒரு மெகாவாட்-மணி, அதாவது ஆயிரம் யூனிட், 58 டாலர் என்று ஆரம்பித்தது 89-க்கு ஏறியது, அதுவும் அரசு மானியம் போக. 2023 நவம்பரில் கைவிட்டார்கள். கனடாவில் டார்லிங்டனில் கட்டத் தொடங்கியிருக்கும் முதல் 300 மெகாவாட் உலைக்குப் பொதுவேலைகளும் சேர்த்து 770 கோடி கனடா டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி ராண்ட். முதல் குழந்தைக்குச் செலவு அதிகம்தான். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி. மாதம் 50 இலவச யூனிட்டை எண்ணி எண்ணி எரிக்கும் வீட்டின் தலையில் கட்ட முடியாது.

அப்படியானால் இந்த நாட்டில் சிறு உலைக்கு இடமே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், நிலக்கரி நிலையங்களின் வாசலில். கோமாட்டி நிலையத்தை 2022 அக்டோபர் கடைசி நாளில் மூடினார்கள். மூடிய பிறகும் அங்கே இருப்பது என்ன? நாடு முழுக்கப் போகும் உயரழுத்த லைன், சுவிட்ச்யார்டு, ரயில், தண்ணீர்க் குழாய், எல்லாவற்றுக்கும் மேலாக டர்பைனோடு வாழ்ந்து பழகிய மனிதர்கள். இப்போது பிழைப்புத் தேடி அலைகிறார்கள். வரும் ஆண்டுகளில் வரிசையாக மூட வேண்டிய நிலையங்கள் இன்னும் பல. கொதிகலன் இருந்த இடத்தில் கூழாங்கல் உலைகள் நாலைந்து வைத்தால் மீதிச் சாமான் நிறையவே பயன்படும். ராப்பகலாகத் தின்ன ஆள் இருக்கும், காவல் ஒரே வேலிக்குள் முடியும். 2025 அக்டோபரில் அரசு ஏற்ற மின்திட்டத்தில் 2039-க்குள் 5,200 மெகாவாட் புதிய அணு மின்சாரம் என்று இருக்கிறது. தேதியை நான் நம்பவில்லை. 2017-ல் ரஷ்யாவோடு போட இருந்த 9,600 மெகாவாட் ஏற்பாட்டைக் கேப் நீதிமன்றம் ரத்து செய்தது, மக்களைக் கேட்காமல் செய்ததற்காக. இடிந்தகரை மீனவர்கள் கூடங்குளத்தில் கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான். ஒளிவுமறைவில்லாமல் கணக்கைக் காட்டி, ஏலம் விட்டுச் செய்தால் நான் கை தூக்குவேன்.

அந்த மின்சாரம் உங்கள் ஊருக்கும் வரும், ஆனால் அதே பழைய கம்பம் வழியாகத்தான். எனவே திரும்பவும் 50 கே.வி.ஏ.விடம்தான் போய் நிற்கிறோம்.

உங்கள் ஊரைப் பற்றி இப்போது நிஜமாகச் செய்யக்கூடியது. பீக் 300 கிலோவாட், நாளைக்கு 1,500 யூனிட். டிரான்ஸ்கை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு, நாலரை யூனிட் கொடுக்கும், ஆக 400 கிலோவாட் அளவுக்குப் பேனல். இன்றைய பேனலில் எழுநூறு சொச்சம், நிலம் ஒன்றரை ஏக்கருக்குள் அடங்கும். மாலைக்குத் தேவையான பேட்டரி ஒரே ஒரு இருபதடி கண்டெய்னரில் தாராளமாகக் கொள்ளும். உங்கள் பக்கத்தில் ஒரு நல்ல வசதி உண்டு. மழை கோடையில், குளிர்காலம் பளிச்சென்று வெயில். அடுப்பும் ஹீட்டரும் அதிகம் கேட்கும் ஜூன், ஜூலையில்தான் வானமும் தெளிவாக இருக்கும், கேப் டவுனுக்கு அந்த யோகம் கிடையாது. குறையும் சொல்கிறேன். டிசம்பர் இடிமின்னலில் இன்வெர்ட்டர் அடிவாங்கும், மூன்று நாள் மூட்டம் போட்டால் ஒரு டீசல் ஜெனரேட்டர் வேண்டும், பேனல் திருட்டுக்கு ஊர்த்தலைவர் பொறுப்பேற்றால்தான் ஆகும். ஃப்ரீ ஸ்டேட்டில் ஃபிக்ஸ்பர்க் பக்கம் ஒரு பண்ணைக் குடியிருப்பில் எஸ்கோம் பதினாலு வீட்டுக்கு இப்படிக் கண்டெய்னர் வைத்துத்தான் தன் சோதனையைத் தொடங்கியது. உங்கள் ஊரில் லைன் ஏற்கெனவே இருப்பதால் முழுசாகத் தனியே போக வேண்டியதுமில்லை. பேட்டரியை டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் வைத்து, பகலில் மெல்ல நிரப்பி, ஆறு மணிக்குத் திறந்துவிட்டால் பியூஸ் குழலுக்கு வேலை இருக்காது.

ஒரு விஷயத்தில் நமக்கு முன்னோர் வழியே உறவுள்ள மின்சாரமும் உண்டு. நேட்டால் கரையோரச் சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்துத் தங்கள் நீராவியையும் மின்சாரத்தையும் தாங்களே செய்துகொள்கின்றன. 1860-ல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் வெட்டிய அதே கரும்பு. மொரிஷியஸ்காரர்கள் அதில் எவ்வளவோ முன்னே போய்விட்டார்கள், இங்கே அதை வெளியே விற்க வழிசெய்து கொடுப்பதில் வருடக்கணக்காக இழுத்தடிக்கிறார்கள். உங்கள் மலையில் கரும்பு இல்லை, அதனால் இதை இங்கேயே விடுகிறேன்.

கிளினிக் ஃப்ரிட்ஜுக்கு இத்தனையும் காத்திருக்க முடியாது. தடுப்பூசி இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கென்றே பேட்டரி இல்லாமல் பேனலிலிருந்து நேராக ஓடி, உள்ளே பனிக்கட்டி உறைய வைத்து இரவெல்லாம் குளிர் காக்கும் ஃப்ரிட்ஜ் வருகிறது. கூரையில் நாலைந்து பேனல் போதும். நர்ஸம்மாவிடம் இப்போது இருக்கும் பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே பள்ளிக்கு முன்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் வயிற்றில் ஒரு எண் பெயிண்டில் எழுதியிருக்கும், 16, 25, 50, 100 இப்படி ஏதாவது. பிள்ளைகளை விட்டு அதிலிருந்து கம்பி போகும் வீடுகளை எண்ணச் சொல்லுங்கள், மீட்டர் உள்ளது தனி, இல்லாதது தனி. இல்லாததை எண்ணுவதை யாரும் பார்க்காமல் எண்ணட்டும். இரண்டு எண்ணும் கிடைத்ததும் எனக்குச் சொல்லுங்கள், ஈஸ்டருக்கு நான் அந்தப் பக்கம் வருகிறேன்.